இரு கண்களுக்கு ஒரு கிராமம்

கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தால், விரல் இடம்பெயர்வது போலத் தோன்றும். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் தொலைவு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. அவ்வேறுபாட்டைத்தான் மனம் ஆழமாக மாற்றிக்கொள்கிறது. இதை 1838-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் நிறுவிக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன். இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் பொருத்தி, இடக்கண்ணுக்கு ஒரு சித்திரம், வலக்கண்ணுக்கு ஒரு சித்திரம் என அவர் அமைத்த கருவிக்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஆகவே இரட்டைப்படத்தின் தத்துவம் புகைப்படத்துக்கு முன்பிறந்தது எனலாம்.

டேவிட் புரூஸ்டர் 1849-இல் வில்லைகள் கொண்ட சிறிய பெட்டியாக அக்கருவியை மாற்றி அமைத்தார். பாரிசில் ஜூல் துபோஸ்க் அதைச் செய்து, 1851-இல் லண்டன் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சிக்கு அனுப்பினார். விக்டோரியா அரசியாரின் பாராட்டு கிட்டியபின் ஐரோப்பாவின் வரவேற்பறைகளெங்கும் ஸ்டீரியோஸ்கோப் நுழைந்தது. 1854-இல் தொடங்கப்பட்ட லண்டன் ஸ்டீரியோஸ்கோப்பிக் கம்பெனி, அது இல்லாத வீடே இருக்கலாகாது என்று விளம்பரம் செய்தது.

இலக்கியவாதிகள் இதை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது நம்போன்றோர் அறியத்தக்கது. 1859-ஆம் ஆண்டு ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதிய பொதலேர், அப்பெட்டியின் துளைகளுக்குள் பேராசையோடு கண்களைப் புதைக்கும் கூட்டத்தை எள்ளி நகையாடினார். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் ஸ்டீரியோஸ்கோப்பைக் கொண்டாடி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பின்னர் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய மரக்கருவி ஒன்றை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை கோராமல், வேண்டுவோர் செய்துகொள்ளட்டும் என விட்டுவிட்டார். பொதலேர் கண்டது சந்தையை. ஹோம்ஸ் கண்டது காதலை. இரண்டும் உண்மையே. ஆயினும் சந்தை ஓய்ந்தபின் எஞ்சியது எது என்பதே இக்கலையின் வரலாறு.

அஞ்சலட்டையும் சினிமாவும் பரவியபோது வணிகர்கள் இரட்டைப்படத்தைக் கைவிட்டார்கள். ஆர்வலர்கள் கைவிடவில்லை. பிரிட்டனில் 1893-இல் தோன்றிய ஸ்டீரியோஸ்கோப்பிக் சொசைட்டியின் உறுப்பினர்கள், தாங்கள் எடுத்த படங்களைத் தபாலில் சுற்றுக்கு விட்டு, ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் கருத்தெழுதி அனுப்பினார்கள். கையெழுத்துப் பத்திரிகை மரபை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இப்பொழுதுபோக்கு பொறுமையைக் கேட்பது. ஒரே காமிராவைக் கொண்டு முதற்படத்தை எடுத்து, சில அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவதை எடுக்கலாம். அதற்குள் காற்றில் ஓர் இலை அசைந்தால் அவ்விலை இரண்டு படங்களிலும் பொருந்தாது. ஒட்டும்போது இடமும் வலமும் மாறிவிட்டால் முன்னிருப்பது பின்னும், பின்னிருப்பது முன்னுமாகக் காட்சி குழம்பும்.

இப்படியொரு பொறுமைக்கு நாம் அறிந்த சிறந்த சான்று, குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே. 1947-இல் பிறந்த அவர், சிறுவயதில் காலையுணவுத் தானியப் பொட்டலத்துக்குள் கிடைத்த இரட்டைப்பட அட்டையால் கவரப்பட்டு, அதைப் பார்க்கும் கருவியையும் தபாலில் வரவழைத்தார். அன்று தொடங்கிய பற்று, உலகப்புகழ் வந்தபின்னும் தணியவில்லை. பழைய அட்டைகளைத் தேடித் திரிந்தவரை டி. ஆர். வில்லியம்ஸ் என்னும் புகைப்படக்காரரின் ‘எங்கள் கிராமத்துக் காட்சிகள்’ என்ற வரிசை ஆட்கொண்டது.

வில்லியம்ஸ் 1850-களில் எடுத்த படங்கள் அவை. பன்றிப்பட்டியருகே நிற்கும் முதியவர், கிணறு, தேவாலயம், வயல்வேலை என ஒரு சிற்றூரின் அன்றாடம் அவற்றில் பதிவாகியிருந்தது. ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் சில செய்யுள் வரிகள் அச்சிடப்பட்டிருந்தன. ஊரின் பெயர் மட்டும் எங்குமில்லை. அது மெய்யான ஊரா, பலவூர்க் காட்சிகளின் தொகுப்பா என்பதும் விளங்கவில்லை. மே தமது தேடலை 2003-இல் பொதுமக்களிடம் அறிவித்தார். அந்தத் தேவாலயம் ஆக்ஸ்போர்டுஷயரிலுள்ள ஹிண்டன் வால்ட்ரிஸ்ட் என்னும் ஊருடையது என்பது 2004-க்குள் உறுதியாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பெயரற்றிருந்த ஓர் ஊர் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. எலினா விடாலுடன் சேர்ந்து, படத்திலுள்ள மனிதர்கள் யாவர், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றெல்லாம் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 2009-இல் வெளிவந்தது. பார்க்கும் கருவியும் அந்நூலோடு சேர்த்தே தரப்பட்டது. இது வெறும் துணைப்பொருள் என்று கருதலாகாது. கருவியின்றிப் பார்த்தால் அவை ஒரே மாதிரியான இரண்டு மங்கிய படங்கள். கருவியின் வழியே பார்த்தால் கிழவருக்குப் பின்னால் காற்று நிறைந்த வெளி விரிகிறது.

அதே பயிற்சி விண்வெளிக்கும் உதவிற்று. ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளைச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து மேயும் கிளாடியா மன்சோனியும் பொருத்தமான இணைகளைத் தேர்ந்து இரட்டைப்படங்களாக்கினார்கள். பாறைகளும் சரிவுகளும் எப்படிக் கிடக்கின்றன என்று கண்டறிந்து, மாதிரி எடுக்க ஏற்ற இடத்தைத் தெரிவுசெய்ய அவை துணைநின்றன. 2020 அக்டோபரில் எடுக்கப்பட்ட மாதிரி 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தது.

நம் ஊர்களும் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்க் காட்சிகளைப் பெரிய படங்களாக எடுத்ததோடு, இரட்டைப்படத் தொகுதிகளாகவும் வெளியிட்டார். பின்னர் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படப்பணி ஆடம்பரச் செலவு எனக் கருதி அதை நிறுத்தினார். டிரைப்பின் அகன்ற படங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். இரட்டைப்படங்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஓர் இணையில் ஒரு பாதியை மட்டும் அச்சிட்டால், கோபுரம் இருக்கும். அதற்கும் நமக்கும் இடையே அன்று கிடந்த வெளி இராது.

வீட்ஸ்டன் காட்டியபடி, ஆழம் இடப்படத்திலும் இல்லை, வலப்படத்திலும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் முன்வரும்போதே அது உண்டாகிறது. ஹிண்டன் வால்ட்ரிஸ்டுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். 1858-இன் மதுரையும் தஞ்சையும் இன்னும் காத்திருக்கின்றன.