கம்பம் பள்ளத்தாக்கில் கிரப் ரெஸ்க்யூ: ஒரு 512 பைட் வரலாறு

எங்க பக்கம் லினக்ஸ் எப்படி வந்துச்சுன்னு யாராவது வரலாறு எழுத உட்கார்ந்தா, சென்னைக்காரங்க எழுதுற மாதிரி எழுத முடியாது. பயனர் குழு, மாசாந்திரக் கூட்டம், ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடிப் பிடிச்ச சிடி... இதெல்லாம் அங்க. கம்பம், சின்னமனூர், போடி, உத்தமபாளையம்னு எனக்குத் தெரிஞ்ச வீடுகளுக்குள்ள லினக்ஸ் நுழைஞ்சது ஒரே வழியிலதான். அரசாங்கம் குடுத்த மடிக்கணினிக்குள்ள சத்தமில்லாம உட்கார்ந்து வந்துச்சு. வந்த வேகத்துல பயலுக அதை அழிச்சும்புட்டாய்ங்க. அழிச்சுட்டு மெஷினை மறுபடி போட்டா விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல 'கிரப் ரெஸ்க்யூ'ன்னு ஒரு வரி, பக்கத்துல ஒரு கோடு மினுக்கிக்கிட்டு நிக்கும். அம்புட்டுதான்.

அந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி முப்பது வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. பொறுமை இல்லாதவங்க கீழ சின்னமனூர் கதைக்கு நேரா போயிடலாம் :-)

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்னைக்கு முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வச்ச திட்டம் அது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி. வாங்கிக் குடுத்தது எல்காட். ஆரம்பத்துல வந்த மெஷின்கள்ல விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ரெண்டும் அடுத்தடுத்து இருந்துச்சு. பாஸ்னா ரஜினி படத்து பாஸ் இல்லீங்க, 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. டெபியனை அடிப்படையா வச்சு சி-டாக் 2007ல வெளியிட்டது. அதே காலகட்டத்துல எல்காட்டும், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்புல இருந்தப்ப, தன்னோட அலுவலகத்துக்குள்ளேயே சூசே லினக்ஸுக்கு மாறி நல்லாப் பேசப்பட்டுச்சு. ஆக, இலவச மெஷின்ல லினக்ஸ் இருந்தது ஏதோ தற்செயல் இல்ல.

ஆனா வாங்கின பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? விண்டோஸ்ல 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' திறந்து பாத்தா சிக்கு பேர் இருக்கும், டிக்கு பேர் இருக்கும். லினக்ஸ் உட்கார்ந்திருக்கிற பகுதிக்கு எழுத்தும் கிடையாது, பேரும் கிடையாது. பட்டா இல்லாத புறம்போக்கு மாதிரி ஒரு கட்டம் கிடக்கும். படம் ஏத்த எடம் பத்தலைன்னு தவிக்கிற ஒருத்தன் கண்ணுல புறம்போக்கு பட்டா என்ன பண்ணுவான்? வளைச்சுப் போடத்தான் பாப்பான். நான் அவிங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

இனி கொஞ்சம் பின்னால போவோம். 1983 மார்ச். ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி-ங்கிற மாடலை விடுது. அதுல 10 எம்பி ஹார்ட் டிஸ்க். ஆமா, எம்பிதான். கூடவே பிசி டாஸ் 2.0. அப்ப டாஸ் மட்டும்தான் உலகம்னு யாரும் முடிவு பண்ணலை. சிபிஎம்-86, சீனிக்ஸ்னு போட்டிக்கு ஆள் இருந்தாங்க. ஒரே டிஸ்க்கை நாலு பேர் வரைக்கும் பாகம் பிரிச்சுக்கலாம்னு ஐபிஎம் ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. இதை நல்லாக் கவனிங்க... ரெண்டு ஓஎஸ் வச்சுக்கிறது பின்னாடி யாரோ கண்டுபிடிச்ச குறுக்கு வழி இல்ல. பார்ட்டிஷன் பிறந்ததே அதுக்காகத்தான்.

அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை டிஸ்க்கோட முதல் செக்டார்ல எழுதி வச்சாங்க. மொத்தம் 512 பைட். இந்தப் பத்திகூட அதுக்குள்ள அடங்காது. அதுல முதல் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட்தான் பத்திரம்: ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நாலு பாகம், ஒவ்வொண்ணும் எங்க தொடங்குது, எத்தனை செக்டார் நீளம், என்ன வகை. கடைசி ரெண்டு பைட் முத்திரை. மெஷினைப் போட்டதும் பயாஸ் இந்த 512 பைட்டை மட்டும் படிக்கும், முத்திரை சரியா இருக்கான்னு பாக்கும், நிரல்கிட்ட பொறுப்பை ஒப்படைச்சிட்டுப் போயிடும். லோயர் கேம்ப்ல தண்ணி திறந்து விடுற ஆளு மாதிரி அந்த 446 பைட். அவரு வேலைக்கு வரலைன்னா பழனிசெட்டிபட்டி வரைக்கும் வயல் காயும். ஆனா வயல் எங்கயும் போயிடாது, அங்கனயேதான் கிடக்கும்.

பார்ட்டிஷனை அழிச்சா உள்ள இருக்கிற ஃபைல் எல்லாம் போச்சுன்னு நெனைக்கிறோம்ல? போறது அந்த 16 பைட்தான். பத்திரத்துல ஒரு வரியை அடிச்சா நிலம் கரைஞ்சு போகுமா என்ன?

ரெண்டு ஓஎஸ் இருந்தா திறந்து விடுறதுக்கும் கெட்டிக்கார ஆள் வேணும். லினக்ஸ் உலகத்துல முதல்ல அந்த வேலையைப் பாத்தது லைலோ, வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதினது. அது கிளம்பும்போது தன் பேரையே ஒவ்வொரு எழுத்தா அச்சடிக்கும். எல், ஐ-யோட நின்னுபோச்சுன்னா எந்தக் கட்டத்துல கோளாறுன்னு பழைய ஆளுங்க எழுத்தை வச்சே சொல்லிடுவாங்க. அப்புறம் 1995ல எரிக் போலின் எழுத ஆரம்பிச்சது கிரப். இதுக்கு 446 பைட் எந்த மூலைக்கு? அதனால மூணு எடத்துல உட்காரும். தலை முதல் செக்டார்ல. உடம்பு அதுக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்துல. மெனுவும் மத்த மூட்டை முடிச்சும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ள. இப்ப அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை அழிச்சா என்ன ஆகும்? தலையும் உடம்பும் எழுந்து வந்து மூட்டையைத் தேடும். காணோம். 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லையே'ன்னு சொல்லிட்டு ரெஸ்க்யூல போய் நின்னுக்கும். விண்டோஸ் பக்கத்துலயே நோகாம இருக்கு, கூப்பிடத்தான் ஆள் இல்ல.

மடிக்கணினிக்கு முன்னாடியே எங்க ஊர்ல இந்த வியாதி இருந்துச்சு, ரூபம் வேற. 2000த்துக்கு அப்புறம் அசெம்பிள் பண்ணின மெஷின் காலம். 40 ஜிபி டிஸ்க்கை சி, டி, இ, எஃப்னு நாலாக் கூறு போடாம எந்தக் கடையிலயும் குடுக்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா 'அப்பத்தாண்ணே சேஃப்டி'ம்பாங்க. கொஞ்ச நாள்ல சி நிறைஞ்சிடும். எக்ஸ்பில பார்ட்டிஷனைச் சுருக்குற வசதியே கிடையாது, அது விஸ்டாவுலதான் வந்துச்சு. அதனால பவர்குவெஸ்ட் கம்பெனியோட பார்ட்டிஷன் மேஜிக் (2003ல சைமன்டெக் அந்தக் கம்பெனியவே வாங்கிருச்சு) கை மாறிக் கை மாறி வரும். அளவை மாத்துறதுன்னா அது சும்மா பத்திரத்தைத் திருத்துறது இல்ல, ஃபைல்களை நிஜமாவே தூக்கி இன்னொரு எடத்துல வைக்கணும். மணிக்கணக்கா ஓடும். நடுவுல கரண்ட் போனா பாதிச் சாமான் பழைய வீட்ல, பாதி தெருவுல. 2008லயும் சரி, 2012லயும் சரி, நம்ம பக்கம் கரண்ட் என்ன லட்சணத்துல இருந்துச்சுன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். ஒரு யூபிஎஸ் பேட்டரியை நம்பி பார்ட்டிஷனை நகத்தினது எல்லாம் வீர விளையாட்டுல சேர்த்தி.

இதுல மருந்து மாத்திப் போடாம இருக்கணும்னா, என்ன போச்சுன்னு முதல்ல பிரிச்சுப் பாக்கணும். நிரல் மட்டும் போயிருந்தா விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, ரிப்பேருக்குள்ள போய், கமாண்ட் பிராம்ப்ட்ல 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' அடிச்சாப் போதும். அது 446 பைட் பக்கத்தை மட்டும் புதுசா எழுதும், 64 பைட் பத்திரத்துல கை வைக்காது. பார்ட்டிஷன் நம்பர் மட்டும் மாறியிருந்தா அது இன்னொரு கதை. லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு லினக்ஸ்ல நம்பர் 5ல ஆரம்பிக்கும். 5ஐ அழிச்சா 6 தானா 5 ஆயிடும். கிரப் பாவம், இன்னும் 6ஐத் தேடிக்கிட்டு நிக்கும். அதுக்கு அந்த ரெஸ்க்யூ வரியிலயே புது நம்பரைச் சொல்லி, 'நார்மல்' மாட்யூலை ஏத்தினா மெனு வந்துரும். பத்திரமே போயிருந்தாத்தான் பெரிய வைத்தியம்.

2013ல என் தங்கச்சி வீட்ல, சின்னமனூர்ல, அந்தப் பெரிய வைத்தியம்தான் தேவைப்பட்டுச்சு. மருமக பி.ஏ. தமிழ் படிச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்குக் கிடைச்ச மெஷின். நடவு வேலைக்குப் போற அம்மாமார் பாடுற பாட்டை எல்லாம் செல்போன்ல பதிஞ்சு, பிராஜெக்ட்டுக்குன்னு டி டிரைவ்ல சேத்து வச்சிருந்தா. எடம் பத்தாம செல்போன்ல இருந்ததை அழிச்சாச்சு. பாடுனவங்கள்ல ஒரு அம்மா அதுக்குள்ள இறந்தும் போயிட்டாங்க. அவ தம்பி பாஸ் பார்ட்டிஷனை அழிச்சிருக்கான், கிரப் ரெஸ்க்யூ வந்திருக்கு. அவன் கூட்டாளி ஒருத்தன் 'நான் சரி பண்றேன்டா'ன்னு விண்டோஸ் பென்டிரைவைச் சொருகி, இன்ஸ்டால் பண்ற திரையில டி பார்ட்டிஷனையும் டெலிட் குடுத்துட்டு, அப்பத்தான் பயந்துபோய் நிப்பாட்டியிருக்கான். ஒரு கடையில கேட்டதுக்கு, 'உள்ள ஒண்ணும் இருக்காது, ஃபார்மட் பண்ணி புதுசாப் போட்டுறலாம், முன்னூறு ரூவா'ன்னு சொல்லிட்டாங்க.

"மாமா, எல்லாம் போயிருச்சா மாமா?"

"ஏம்மா, அதுக்கு மேல யாராச்சும் எதையாச்சும் எழுதினீங்களா? புதுசா ஃபார்மட் குடுத்தீங்களா?"

"இல்ல மாமா, அவன் ஓடியே போயிட்டான்."

ஓடிப்போனவன் நல்லா இருக்கணும். அதுக்கு மேல எதையும் தொடாம விட்டானே, அதுதான் பெரிய உதவி.

டெஸ்ட்டிஸ்க்னு ஒரு மென்பொருள், கிறிஸ்தோஃப் கிரேனியேன்னு பிரான்ஸ்காரர் எழுதி இலவசமாக் குடுத்தது. ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல மெஷினைக் கிளப்பி அதை ஓட விட்டேன். அது பத்திரத்தை நம்பாது. சர்வேயர் மாதிரி டிஸ்க் முழுக்க நடந்து எல்லைக்கல்லைத் தேடும். ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தன் தொடக்கத்துல தன்னைப் பத்தின விவரத்தை எழுதி வச்சிருக்கும். என்டிஎஃப்எஸ் அதோட நகல் ஒண்ணை பார்ட்டிஷனோட கடைசி செக்டார்லயும் வச்சிருக்கும். லினக்ஸோட எக்ஸ்ட் வகைகள் சூப்பர்பிளாக் நகலைப் பல எடத்துல தூவி வச்சிருக்கும். 320 ஜிபி நடந்து முடிக்க நேரம் ஆச்சு. தங்கச்சி ரெண்டு தடவை காப்பி போட்டுக் குடுத்துட்டா. கடைசியில பச்சை எழுத்துல வரிசையா வந்துச்சு: விண்டோஸ், டி, அப்புறம் அழிச்ச பாஸ் பார்ட்டிஷனும்!

எழுதுறதுக்கு முன்னாடி 'பி'ன்னு ஒரு விசை இருக்கு, அதை அமுக்கினா உள்ள இருக்கிற ஃபைல் பேரைக் காட்டும். டில அமுக்கினேன். 'நடவு 1', 'நடவு 2'ன்னு அவ வச்ச பேரெல்லாம் வரிசையா நின்னுச்சு. மருமக ஒண்ணும் பேசலை. முதல்ல அதுல இருந்தே எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். மீட்புல வரிசை இதுதான்: நகல் முதல்ல, ரிப்பேர் பின்னாடி. அப்புறம் 'ரைட்' குடுத்து மெஷினைத் திரும்பப் போட்டேன். நான் பூட்ரெக்கும் அடிக்கலை, ஒண்ணும் அடிக்கலை. பழைய கிரப் மெனு அப்படியே வந்துச்சு! யோசிச்சுப் பாத்தா நியாயம்தான். கிரப்போட தலையும் உடம்பும் எங்கயும் போகலையே, மூட்டை இருக்கிற எடம் மட்டும்தான் காணாமப் போயிருந்துச்சு. பத்திரம் திரும்பி வந்ததும் மூட்டையும் கிடைச்சிருச்சு.

மாப்ள பக்கத்துல வந்து, "மாமா, இப்ப அந்த பாஸை அழிச்சா மறுபடி அதே மாதிரி ஆகுமா?"ன்னு கேட்டான். ஆகும்னேன். "செஞ்சு காட்டுங்க மாமா"ன்னான். நகல்தான் கையில இருக்கேன்னு அழிச்சு, மீட்டு, ரெண்டாவது தடவை அவனையே ஓட்ட விட்டேன். அதுக்கப்புறம் அவன் தெருவுல யார் வீட்ல கிரப் ரெஸ்க்யூ வந்தாலும் அவனைத்தான் கூப்பிட்டாங்க. காசு வாங்கினானான்னு நான் கேக்கலை.

இப்ப வர்ற மெஷின்கள்ல கதை மாறிப்போச்சு. 2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து யூஇஎஃப்ஐயும் ஜிபிடியும் பரவிருச்சு. ஜிபிடில 128 பாகம் வரை எழுதலாம், பத்திரத்தோட நகல் டிஸ்க்கோட கடைசியிலயும் இருக்கும். பூட் நிரலும் 446 பைட்டுக்குள்ள நெருக்கியடிச்சு உட்கார வேண்டியதில்ல, தனிப் பார்ட்டிஷன்ல சாதாரண ஃபைலா இருக்கு. இது நல்ல செய்தி. கெட்ட செய்தி என்னன்னா எஸ்எஸ்டி. ஃபார்மட் குடுத்தா விண்டோஸ் 'டிரிம்'னு ஒரு கட்டளை அனுப்பும். இந்த எடம் இனிமே தேவையில்லன்னு டிஸ்க்குக்குச் சொல்லிரும், டிஸ்க்கும் துடைச்சிரும். நிலம் அங்கனயேதான் கிடக்கும்னு மேல சொன்னேன் பாருங்க, எஸ்எஸ்டில அதை நம்பி இருக்க முடியாது.

2025 மார்ச் பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெண்டு வருஷத்துல மடிக்கணினியோ டேப்லெட்டோன்னு அறிவிச்சாங்க. இந்தத் தலைமுறை மெஷினை மீட்க உட்கார்றவங்க முதல்ல கேக்க வேண்டியது பிட்லாக்கர். புது விண்டோஸ் 11 மெஷின் பலதுல டிஸ்க் தானாவே பூட்டிக்கும். டெஸ்ட்டிஸ்க் பார்ட்டிஷனைக் கண்டுபிடிச்சுக் குடுத்தாலும் 48 இலக்கச் சாவி இல்லாம உள்ள நுழைய முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் மெஷினை முதல்ல திறந்தப்ப குடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும். கடைக்காரர் தன்னோட கணக்கைப் போட்டுத் திறந்து குடுத்திருந்தாருன்னா, சாவியும் அவருகிட்டதான்.