மூன்று விரல் வைத்தியம்

கம்ப்யூட்டர் திடீரென்று உறைந்துபோய், மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்? கன்ட்ரோல், ஆல்ட், டெலிட்... மூன்றையும் சேர்த்து ஓர் அமுக்கு!

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் டேவிட் பிராட்லி. ஐ.பி.எம். இன்ஜினீயர். 1981-ல் வெளியான அவர்களுடைய பி.சி. தயாராகிக்கொண்டிருந்தபோது, புரோகிராம் தகராறு செய்யும் ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்து, மறுபடி போட்டு, அது கண் விழிக்கும்வரை காத்திருந்து நொந்துபோனார்கள் சக ஊழியர்கள். அவர்களுக்காகப் போட்ட குறுக்குவழி அது. முதலில் டெலிட் இருந்த இடத்தில் எஸ்கேப்தான். ஒற்றைக் கையாலேயே அமுக்கிவிடலாம் என்பதால், தவறிக் கைபட்டால் செய்த வேலையெல்லாம் அம்பேல்! அதனால்தான் மூன்றாவது பட்டன் எதிர்க்கோடிக்குப் போனது. பொதுஜனத்துக்கு இது தெரியவே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் மூத்தது யூனிக்ஸ். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. சரியான முசுடு! எல்லாம் ஒழுங்காக நடந்தால் வாயைத் திறக்காது. அதன் 'எட்' எடிட்டரில் எந்தத் தப்பு செய்தாலும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. என்ன தப்பு? நீங்களேதான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் நேர் எதிர். ஆன் செய்ததும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் படம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். வரைந்தவர் சூசன் கேர். கோளாறு வந்தால் காட்டுவதற்காக, திரி பற்றிய வெடிகுண்டு ஒன்றையும் வரைந்தார். யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று புரோகிராமர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஊரே பார்த்தது! கூடவே ஒரு எண். அதற்கு அர்த்தம்? கடவுளுக்கே வெளிச்சம். ஃபிளாப்பியை வெளியே எடுக்க மெஷினில் பட்டன்கூடக் கிடையாது. மாட்டிக்கொண்டால், பேப்பர் கிளிப்பை நிமிர்த்திச் சின்ன ஓட்டைக்குள் குத்த வேண்டும்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பழகுவதற்குச் சுலபம் என்பது வேறு. பழுதானால் சரிசெய்யச் சுலபம் என்பது வேறு. மைக்ரோசாஃப்டின் டாஸ் கறுப்புத் திரையும் மனப்பாடக் கட்டளையுமாக இருந்த கரடுமுரடுதான். ஆனால் 'ஆட்டோஎக்ஸெக்', 'கான்ஃபிக்' என்று இரண்டே இரண்டு குட்டி ஃபைல். திறந்து படிக்கலாம், வரியை மாற்றலாம். பக்கத்து வீட்டுப் பையனே பாதி வியாதியைத் தீர்த்துவிடுவான். மெக்கின்டாஷோ பானட்டுக்குப் பூட்டுப் போட்ட கார்!

சரி, அந்த மூன்று பட்டன் என்ன ஆயிற்று? 1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தபோது, உள்ளே நுழைவதற்கே அதைத்தான் அமுக்கச் சொன்னார்கள்! 2001-ல், பி.சி.யின் 20-ம் ஆண்டு விழா. மேடையில் பிராட்லியும் பில் கேட்ஸும். கண்டுபிடித்தது வேண்டுமானால் நானாக இருக்கலாம், பிரபலமாக்கியது பில்தான் என்று போட்டார் பிராட்லி ஒரு போடு. அரங்கமே சிரித்தது.