பஞ்சாங்கமும் கற்பனைக் கிரகமும்

நமது இதழ்களில் விஞ்ஞானப் புனைகதை அரிதாகவே எழுதப்படுகின்றது. எழுதுவோரிற் சிலரும் வானில் மூன்று நிலவுகளைத் தொங்கவிட்டுவிட்டு, கீழே நமது கடலையும் நமது மாதத்தையும் அப்படியே வைத்துவிடுகின்றனர். நிலவு மாறினால் கடலும் மாதமும் மாறும் என்பதை எண்ணுவதில்லை. வானத்தைக் கணித்துச் சொல்வதும், சொன்னதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த மண்ணுக்குப் புதியனவல்ல.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் ஆரம்பித்த செமினரியில் வானியலும் ஒரு பாடமாக இருந்தது. அதன் அதிபர் டானியல் பூவர். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றி, அயலூரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்கைச் சொன்னது. பூவர் வேறொன்றைச் சொன்னார். தொடங்கும் நேரத்திலும், நீடிக்கும் நேரத்திலும், மறைப்பின் அளவிலும் இரண்டும் வேறுபட்டன. கிரகணம் வந்தபோது பூவரின் கணக்கே பொருந்தியது. மிசனரிமார் இதனைத் தமது சமயப் பிரசாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டனர். அதே செமினரியின் ஹொய்சிங்டன், 1848இல் தமிழ்க் கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1855இல் செமினரி மூடப்பட்டது.

பஞ்சாங்கத்தை வெறும் ஊகமென்று தள்ளிவிட முடியாது. ஜோன் வாரன் 1825இல் வெளியிட்ட நூலில், புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தமையைப் பதிவுசெய்துள்ளார். தொடக்க நேரத்தில் ஏற்பட்ட பிழை சுமார் நான்கு நிமிடமே. மறுபுறம், பூவர் நம்பிய ஐரோப்பியக் கணிதத்தின் வேரில் அரபு வானியலும் உண்டு. கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியான தமது நூலில் அல்பத்தானியின் அவதானங்களை எடுத்தாள்கின்றார். எனவே அன்று போட்டியிட்டவை இரண்டு கணக்குகளே. தீர்ப்புச் சொன்னது வானம்.

கற்பனைக் கிரகத்துக்கு இந்தத் தீர்ப்பாளர் இல்லை. அதனாலேயே எழுத்தாளர் தாமே கணக்குப் பார்க்க வேண்டியவராகின்றார். கெப்லர் 1619இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதற்கு உதவும்: சுற்றுக் காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதமானது. நமது சந்திரனை இரு மடங்கு தூரத்தில் வைப்போம். 27.3 நாளில் பூமியைச் சுற்றுவது ஏறக்குறைய 77 நாளாகும். பூமியும் சூரியனைச் சுற்றுவதால் பிறைக்குப் பிறை 98 நாட்கள் வரும். சந்திரனால் எழும் வற்றுப்பெருக்கு எட்டிலொன்றாகக் குறையும். சந்திரன் பாதியளவாகத் தோன்றுவதால் பூரண சூரிய கிரகணம் ஒருபோதும் நிகழாது. பிறை பார்த்து மாதம் கணிக்கும் ஒரு சமூகம் அங்கே எப்படி வாழும்? கதை அந்தக் கேள்வியிலேயே பிறந்துவிடுகின்றது.

1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் இந்த ஒழுங்கை அறிந்தவர். 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' (1979) நாவலில் விண்வெளிக்கு உயர்த்தி அமைக்க அவருக்குப் பூமத்திய ரேகையில் ஓர் இடம் தேவைப்பட்டது. பூமியோடு ஒத்துச் சுழலும் துணைக்கோள், ஒரே இடத்துக்கு மேலே சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் அசையாது நிற்பது அந்த ரேகைக்கு மேலே மட்டுந்தான். ஆகவே இலங்கையை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். பாவா ஆதம் மலையின் உயரத்தை இரட்டித்தார். இந்த மாற்றங்களை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லியும் வைத்தார்.

2017இல் டிராப்பிஸ்ட்-1 என்னும் சிறு விண்மீனைச் சுற்றி ஏழு கிரகங்கள் இருப்பது உறுதியானது. அவற்றின் 'ஆண்டு' ஒன்றரை நாளிலிருந்து பத்தொன்பது நாள் வரையே. இயற்கையே இவ்வளவு துணிந்து கற்பனை செய்திருக்கையில் நாம் தயங்கவேண்டியதில்லை. நமது கதைகளை வாசிக்கும் மாணவன் கையில் கணிதப் பாடநூலும் இருக்கின்றது. அவன் கணக்கிட்டுப் பார்ப்பான் என்ற எண்ணத்தோடு எழுதுவதே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.