கீழ்ப்பாக்கத்துக்கு வெளியே ஒரு கதவு

தமிழ்நாட்டில் ஒருத்தரைக் கிண்டல் செய்ய "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போம். வடக்கே வந்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கீழ்ப்பாக்கம் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்துக்காரர் "ஆக்ரா அனுப்பணும்" என்பார். பீகார்க்காரருக்கு ராஞ்சி. மும்பைக்காரருக்குத் தாணே. இருபது வருடமாக மாற்றலாகி மாற்றலாகி இப்போது நாக்பூரில் இருக்கும் எனக்கு, இந்தப் பட்டியல் ஊர் ஊராக நீண்டுகொண்டே போனது. சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எத்தனை வீடுகளில் ஒரு பையனையோ பெண்ணையோ பின்கட்டு அறையில் வைத்து, "மெட்ராஸ்ல வேலை பாக்கறான்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது, சொந்தபந்தம் உள்ள எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

இன்றைக்கு எழுதப்போவது அந்த அறையின் கதவைத் தட்டியவர்களைப் பற்றி. நான் பி.காம். படித்தவன், மருத்துவம் எனக்கு வராது. ஆனால் ஒரு நிறுவனம் எப்படி ஆரம்பிக்கிறது, யார் கையில் இருந்து யார் கைக்குப் போகிறது, ஏன் நடுவில் இழுத்து மூடப்படாமல் நிற்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழில்.

கீழ்ப்பாக்கத்தின் கதை பழையது. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற வெள்ளைக்கார மருத்துவர் புரசைவாக்கத்தில் ஆரம்பித்த விடுதிதான் வித்து. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. பெயர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் பைத்தியக்கார விடுதி, 1922-ல் மனநோய் மருத்துவமனை, பிறகு மனநல நிலையம். சட்டமோ 1912-ம் வருடத்து 'லூனசி' சட்டம். அதற்குப் பதில் 1987-ல் ஒரு சட்டம் போட்டார்கள், அதுவும் அமலுக்கு வந்தது 1993-ல்தான். அரசாங்க வேகம் பற்றி நான் ஏதும் சொல்லக்கூடாது, நானும் பொதுத்துறை ஆள் :-)

இந்த மருத்துவமனைக்கு 1959-ல் வந்தார் டாக்டர் சாரதா மேனன். 1923-ல் மங்களூரில் பிறந்த மலையாளி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் (இன்றைய நிம்ஹான்ஸ்) மனநலப் பயிற்சி பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961-ல் கண்காணிப்பாளர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 1978-ல் ஓய்வு பெறும் வரை, பதினேழு வருடம் அதே நாற்காலி. எங்கள் வங்கியில் மூன்று வருடத்துக்கு மேல் ஒரு கிளையில் இருந்தால் விஜிலன்ஸ்காரர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள்!

அவர் அங்கே கண்ட முக்கியமான சிக்கல் இதுதான். 1950-களில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்த பிறகு, மனச்சிதைவு நோய் வந்தவர்களில் பலர் தேறினார்கள். காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் தேறியவரைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வந்தாலும், மருந்தை நடுவில் நிறுத்தி, ஆறு மாதத்தில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். நோய் பாதி, நோய்க்குப் பிறகு என்ன என்பது மீதி. அந்த மீதிக்கு மருத்துவமனையில் இடம் இல்லை. உள்ளேயே நோயாளிகளுக்குத் தொழில் கற்றுத்தரும் மையம் ஒன்றை அவர் காலத்தில்தான் ஏற்படுத்தினார்கள்.

55 வயதில் ஓய்வு. பேரன் பேத்தி, கோயில் குளம் என்று போயிருக்கலாம். 1984-ல், தன் 61-வது வயதில், சில மருத்துவர்களையும் நல்ல மனம் கொண்ட பிரமுகர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். ஸ்கிசோஃப்ரினியா ரிசர்ச் ஃபவுண்டேஷன், சுருக்கமாக ஸ்கார்ஃப். பெயரிலேயே நோயை வைத்தார்கள், கவனித்தீர்களா? 'நல்வாழ்வு', 'நம்பிக்கை' என்று பூசி மெழுகவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு போர்டு மாட்டிய கட்டடத்துக்குள் நுழைய ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

சாரதா மேனனுக்கு அடுத்து நிறுவனத்தை நடத்தியவர் டாக்டர் ஆர். தாரா. ஆரம்பக் குழுவிலேயே இருந்தவர், நீண்டகாலம் இயக்குனர். என்னைப் பொறுத்தவரை ஸ்கார்ஃபின் வரலாற்றிலேயே சுவாரஸ்யமான பகுதி இவர் பெயரோடு சேர்ந்து வரும் ஒரு ஆய்வு. 1981-82-ல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின் கீழ், சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைப் பதிவு செய்தார்கள். திட்டம் முடிந்தது, பணமும் முடிந்தது. சாதாரணமாக ஃபைலைக் கட்டி அலமாரியில் வைப்பார்கள். ஸ்கார்ஃப்காரர்கள் விடவில்லை. பத்து வருடம் கழித்தும் 76 பேரோடு தொடர்பில் இருந்தார்கள். இருபது வருடம் கழித்து 61 பேர். அதற்குப் பிறகும் தொடர்ந்தார்கள்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு வங்கிக்காரனுக்குத்தான் புரியும். பத்து வருடம் தூங்கிய கணக்கின் சொந்தக்காரரைத் தேடிப் போய்ப் பாருங்கள். வீடு இடிந்து ஃபிளாட் ஆகியிருக்கும், "அவுங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்பார்கள். நாங்கள் பணத்தைத் திருப்பித் தரப் போயே ஆளைப் பிடிக்க முடிவதில்லை. இவர்கள், மறைக்க விரும்பும் ஒரு விஷயத்தைக் கேட்க வீடு வீடாகப் போனவர்கள்.

கிடைத்த விடை ஊர் நம்பியதற்கு நேர் எதிர். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்றுதானே சொல்வார்கள்? பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்து, தணிந்து, மறுபடி தலைகாட்டி, மறுபடி தணிந்தது. இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் மிகச் சிலர். பலர் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்பது நம் பெரியவர்களின் மருந்துச் சீட்டு. ஆணுக்கு அது ஓரளவு ஓடிவிடும், மனைவி பொறுத்துப் போவாள். பெண்ணுக்கு? தாராவும் சக ஆய்வாளர்களும், நோயால் கணவனைப் பிரிந்த பெண்களையும் அவர்கள் குடும்பங்களையும் சந்தித்துப் பேசி 2003-ல் ஆய்வுகள் வெளியிட்டார்கள். வாழாவெட்டி என்ற பெயர், நோயாளி என்ற பெயரைவிட அதிகமாக அந்தப் பெண்களைச் சுட்டது என்பதுதான் அதில் என்னைத் தூங்கவிடாத வரி. முறையாக விவாகரத்து ஆனவர்கள் குறைவு. பாரம் முழுக்க வயதான அம்மா அப்பா தலையில்.

அதே நிறுவனத்தின் டாக்டர் ஆர். பத்மாவதி 1998-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணம். இவர் பின்னாளில் தாராவுக்கு அடுத்து இயக்குனர் ஆனவர். சென்னை மாநகரத்துக்குள்ளேயே, மருத்துவமனைகள் பஸ் தூரத்தில் இருந்தும், நோய் கண்டவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள் என்று கண்டார்கள்.

2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் இருக்கிறதா? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் விடுதியில் அதிகாலைத் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல், 28 பேர் உயிர் போனது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அவர்களை அங்கே கொண்டுவிட்டது குடும்பங்கள்தான். கொடுமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு கதவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடமே நடந்த ஒரு சிறிய விஷயம் பேப்பரில் பெரிதாக வரவில்லை. 1995-ம் வருடத்து ஊனமுற்றோர் சட்டத்தில் மனநோயும் உண்டு. ஆனால் காலை அளக்கலாம், கண்ணை அளக்கலாம், மனதை எப்படி அளப்பது? அளக்காமல் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் சலுகை கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் ஒரு அளவுகோல் தயாரித்தது, அந்த வேலையில் தாராவுக்கு முக்கியப் பங்கு. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை பார்ப்பது என்று நாலு விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 2002-ல் மத்திய அரசு அதை ஏற்றது. 40 சதவீதம் வந்தால் சான்றிதழ். வருமானவரிக் கழிவு கேட்க அந்தக் காகிதத்தோடு வரும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். பஸ்ஸுக்குள் ஒரு அறை, திரை. திரையில் சென்னையிலிருந்து டாக்டர் பேசுவார், அதே பஸ்ஸில் மருந்து கிடைக்கும். கொரோனாவில் நாம் எல்லாரும் வீடியோவில் டாக்டர் பார்க்கப் பழகியதற்குப் பத்து வருடம் முன்னால்!

சாரதா மேனனுக்கு 1992-ல் பத்மபூஷண், 2016-ல் தமிழக அரசின் அவ்வையார் விருது. 2021 டிசம்பர் 5 அன்று, 98 வயதில் காலமானார். ஆரம்பித்தவர் இருக்கும்போதே பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்து, அவரும் அதேபோல் அடுத்தவரிடம் கொடுத்த தொண்டு நிறுவனங்கள் நம் நாட்டில் எத்தனை? முதுமை மறதிக்கும் பிறகு தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். இருக்காதா பின்னே, பையனைக் கூட்டிவந்த அம்மாக்களுக்கும் வயதாகிவிட்டதே.

அங்கேதான் எனக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி நிற்கிறது. சில வருடம் முன்பு, இங்கே குடியேறிய தமிழ்ப் பெரியவர் ஒருவர், ஓய்வூதியக்காரர், கவுன்டர் காலியாகும் வரை காத்திருந்து என் அறைக்கு வந்தார்.

"தம்பி, பையனுக்கு நாப்பத்திரண்டு வயசு. மருந்து சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கான். எஃப்.டி.க்கு அவனை நாமினி போட்டாப் போதுமா?"

"போடலாங்கய்யா. ஆனா நாமினிங்கறவர் பணத்தை வாங்கிக்கத்தான். உயில் தனியா எழுதணும்."

"வாங்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? எனக்கப்புறம் அவனுக்காகக் கையெழுத்துப் போட யாரு?"

1987 சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் போய், சொத்துக்கு ஒரு பாதுகாவலரை நியமிக்கும் வழி இருந்தது. வங்கிகளும் அந்த உத்தரவை ஏற்றன. 2018-ல் அமலுக்கு வந்த புதிய மனநலச் சட்டம் பல நல்லது செய்தது. மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் மற்ற நோய்களைப் போலவே நடத்த வேண்டும் என்றது. நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தது. ஆனால் சொத்துப் பாதுகாவலர் பகுதியை விட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்று ஒன்று உண்டு. குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டோ, உயர் நீதிமன்றப் படியேறியோ அலைகின்றன. வசதி உள்ளவர்கள் தனி டிரஸ்ட் எழுதுகிறார்கள்.

பெரியவரிடம் நல்ல வக்கீல் ஒருவரைப் பார்க்கச் சொன்னேன், உயிலோடு ஒரு டிரஸ்டும் எழுதச் சொன்னேன். "டிரஸ்டியா யாரைப் போடறது தம்பி? இந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பாஸ்புக்கை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.