தொகுதி 18-க்கு அடுத்தது 19

மெஷின் லேர்னிங் படிக்க உட்கார்ந்த யாரும் ஐரிஸ் டேட்டாசெட்டைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. மூன்று வகைப் பூக்கள், வகைக்கு 50. அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். 1936-இல் அதை வைத்துக் கட்டுரை எழுதியவர் ஆர். ஏ. ஃபிஷர். சைகிட்-லேர்ன் லைப்ரரியின் விளக்கக் குறிப்பில் கட்டுரை வெளியான இடம் 'அன்னுவல் யூஜெனிக்ஸ்' என்று இருக்கும். பெயர் தப்பு. சரியான பெயர் 'அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'.

யூஜெனிக்ஸ் என்றால், உயர்ந்தவர்கள் என்று தாங்கள் கருதுகிறவர்களைப் பெருகவைப்பது, மட்டம் என்று கருதுகிறவர்கள் பிள்ளை பெறாமல் தடுப்பது. ஆய்விதழை 1925-இல் லண்டனில் தொடங்கியவர் கார்ல் பியர்சன். ஆமாம், கோரிலேஷன் பியர்சனேதான். முதல் தொகுதியிலேயே அவரும் மார்கரெட் மௌலும் ரஷ்ய, போலந்து யூதக் குழந்தைகளை அளந்து, சராசரியில் இவர்கள் உள்ளூர்க்காரர்களைவிடக் கீழே என்று எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பே அந்நியர் குடியேற்றம் என்ற 'பிரச்சினை'. அடுத்து ஃபிஷர் ஆசிரியரானார். பூக்களைப் பிரித்த அவருடைய அந்தக் கணக்கு, முந்தின வருஷமே அதே பக்கங்களில் மில்ட்ரெட் பர்னார்ட் கையில் எகிப்திய மண்டையோடுகள்மீது ஓடியிருந்தது.

1945-இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் லயனல் பென்ரோஸ். மனவளர்ச்சி குன்றிய 1,280 பேரைக் கால்செஸ்டரில் வருஷக்கணக்கில் ஆராய்ந்த டாக்டர். யூஜெனிக்ஸ் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. ஆனால் அவர் எடுத்த ஆயுதம் அறச்சீற்றம் இல்லை, கணக்கு. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் வர, கோளாறான ஜீன் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரவேண்டும். அதை ஒற்றையாகச் சுமப்பவர்கள் சாதாரண ஆரோக்கியத்தோடு, நம்மைப்போலவே நடமாடுவார்கள். அந்த ஜீனை ஒழிக்க வேண்டுமென்றால், நோயே இல்லாத மக்களில் சுமார் 100-இல் ஒருவருக்குக் கருத்தடை செய்ய வேண்டியிருக்கும். ஒரு கைப்பிடி நோயாளிகளுக்காக இதைச் செய்யச் சொல்பவன் பைத்தியக்காரன்தான் என்று 1946 உரையில் பச்சையாகவே சொன்னார். 1953-இல் ஹார்ஸ்ட் பிக்கெலின் குழு, ஃபீனைலலனைனைக் குறைத்த உணவு கொடுத்து இந்த நோயுள்ள ஒரு சிறுமியிடம் முன்னேற்றம் கண்டது. ஜீன் அப்படியே இருந்தது, மாறியது சாப்பாடு மட்டும்.

மறுவருஷம், 1954-இல், ஆய்விதழ் 'அன்னல்ஸ் ஆஃப் ஹியூமன் ஜெனடிக்ஸ்' ஆனது. பென்ரோஸின் பதவிப் பெயரிலிருந்து யூஜெனிக்ஸ் போக 1963 வரை ஆயிற்று.

எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். புதுப் பெயரோடு தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. 18-க்கு அடுத்து 19. எங்கள் பாஷையில் சொன்னால், பெயரைத்தான் மாற்றினார்கள், கமிட் ஹிஸ்டரியை அழிக்கவில்லை. யூதக் குழந்தைகளை அளந்த கட்டுரை அதே வரிசையில் தொகுதி 1-இல் இருக்கிறது. ஐரிஸ், தொகுதி 7.