ஏழு கோல்களும் ஒரு கேள்வியும்

கோவில்பட்டி என்றால் வெளியூரார்க்குத் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் நினைவுக்கு வரும். நமக்கோ ஹாக்கி. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும் கரிசல் மண் இது. இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக வடமாநில அணிகள் வந்து ஆடும் அளவிற்கு இங்கே அந்த ஆட்டம் வேரூன்றியது. ஆயினும் நம் நெஞ்சில் நிலைத்தவற்றுள் பல, வானொலியில் கேட்டும் நாளிதழில் படித்தும் அறிந்த ஆட்டங்களே.

முதலாவது, 1975 கோலாலம்பூர் உலகக் கோப்பையின் அரையிறுதி. மலேசியா 2–1 என முன்னிலையில் இருந்தது. எஞ்சியவை ஐந்து நிமிடங்களே. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான், பெனால்டி கார்னரை அடிக்குமுன் கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டார் என்பர். (தாயத்து குறித்து மார்க்க அறிஞர்கள் கூறுவதை நாம் அறிவோம், அவ்விவாதத்தை இங்கே தொடங்கவில்லை.) பந்து வலைக்குள் சென்றது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் வென்று, மார்ச் 15 அன்று இறுதியில் பாகிஸ்தானை 2–1 என வீழ்த்தினோம். அஸ்லமின் தந்தை அஹ்மத் ஷேர் கான், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தியான் சந்தின் தலைமையில் தங்கம் வென்றவர். கோலாலம்பூர் இறுதியில் வெற்றிக் கோலை அடித்த அசோக் குமார், அதே தியான் சந்தின் மகன். இந்தியா வென்ற ஒரே ஹாக்கி உலகக் கோப்பை இன்றளவும் அதுவே.

அடுத்தது, மறக்க விரும்பியும் மறவாதது. 1982 டிசம்பர் 1, டில்லி ஆசிய விளையாட்டின் இறுதி. பாகிஸ்தான் 7, இந்தியா 1. நம் அணித்தலைவர் ஜாஃபர் இக்பால். மறுநாள் கடைவீதியில் பழகிய முகம் ஒன்று சிரித்தபடியே கேட்டது: "என்ன பாய், மகிழ்ச்சிதானே?" இரவெல்லாம் உறங்காதிருந்த நமக்கு விடை கூற நா எழவில்லை.

நம்மினும் பெரிய பழி ஒருவர் மீது விழுந்தது. கோல் காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி ஆட்டத்தை விற்றுவிட்டார் என்றனர். அவர் முஸ்லிம் அல்லர். அவர் பட்ட துன்பத்தின் சாயலில் 2007இல் 'சக் தே இந்தியா' வெளிவந்தபோது, நாயகனுக்குக் கபீர் கான் என்று பெயரிட்டனர். ஏன் அப்பெயர் என்று நம் வீடுகளில் யாரும் கேட்கவில்லை. ஊகத்தைத் தவிர்க்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதும்போதெல்லாம் நமக்கு நேகியின் நினைவு வருவதுண்டு.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தங்கம் வென்றது. தென்கொரியாவுடனான இறுதி 1–1 எனச் சமனாகி, பெனால்டி முறையில் முடிவானது. காத்து நின்றவர் ஆசிஷ் பல்லால். அவ்வணியின் கோல் காப்பாளர் பயிற்சியாளராக இருந்தவர் நேகிதான்! தமிழ்க் குடும்பத்துத் தன்ராஜ் பிள்ளை தலைவர். சென்னையின் முஹம்மது ரியாஸும் அணியில் இருந்தார். அந்தச் செய்தியை நாளிதழில் இருமுறை படித்தோம்.

2022 மே மாதம், ஜகார்த்தா ஆசியக் கோப்பை. கோவில்பட்டி மாரீஸ்வரனும், நம் ஊர் விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் இந்திய அணியில் இடம்பெற்றனர். பாகிஸ்தானுக்கு எதிராக முதல் கோல் கார்த்தியுடையது. இறுதி நிமிடங்களில் அவர்கள் சமன் செய்ய, ஆட்டம் 1–1 என முடிந்தது. மறுநாள் கடைவீதியில் எல்லோரும் கார்த்தியைப் பற்றியே பேசினர். நம்மிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.