நட்சத்திரங்களை முந்திய ஊழியன்

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட கதைப்படங்களில் இரு வீரர்களைப் பகைவர்களாக எதிரெதிரே நிறுத்தி, அவர்களுடைய வைராக்கியத்தைக் காட்சிதோறும் வளர்த்து, இறுதியில் அவ்விருவருள் ஒருவனுக்கு மாலை சூட்டி முடிப்பது எல்லாத் தேசத்தாரும் கைக்கொண்டுவரும் சம்பிரதாயம். சைக்கிள் பந்தயத்தின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சம்பிரதாயம் திருப்தியளிப்பதில்லை. ஏனெனில், அப்பந்தயத்தில் இருவருடைய பகை முற்றும்போது அதன் பலனை அனுபவிப்பவன் பல சமயங்களில் மூன்றாமவனாகவே இருக்கிறான். இவ்வுண்மையைக் கற்பனைக் கதையினால் அன்றி, நடந்த ஒரு நாளின் நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கிக் காட்டியவர், டென்மார்க் தேசத்துக் கவிஞரும் திரைப்பட இயக்குநருமான யோர்கன் லெத். 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸில் நடைபெற்ற பாரிஸ்–ரூபே பந்தயத்தைப் பற்றி அவர் எடுத்த ‘நரகத்தில் ஒரு ஞாயிறு’ என்னும் விவரணப் படம், இத்துறையில் தோன்றிய படங்களுள் தலைசிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

ரூபே நகரத்து நெசவாலை அதிபர்கள் இருவர், தங்கள் ஊரில் அமைத்த சைக்கிள் ஓட்டக் களத்திற்குப் பிரசித்தி தேடும் நோக்கத்துடன் 1896-இல் தொடங்கி வைத்த பந்தயம் இது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1919-இல் பாதையைப் பார்வையிடச் சென்றவர்கள், பீரங்கிக் குண்டுகளால் சிதைந்து மரமும் மனையும் அழிந்து கிடந்த அப்பிரதேசத்தைக் கண்டு அதற்கு நரகம் என்று பெயரிட்டனர். போரின் வடு மறைந்த பிறகும் பெயர் மறையவில்லை. வயல்களின் ஊடே செல்லும் கல் பாவிய பழைய பாதைகள், மழை பெய்தால் சேறும், வெயில் காய்ந்தால் புழுதியுமாக, மெல்லிய டயர்களில் விரைந்து வருகிறவர்களின் கைகளையும் முதுகெலும்பையும் பதம் பார்த்து, அப்பெயர் நிலைபெறச் செய்துவிட்டன.

இந்தப் பந்தயத்தில் பகைமை எவ்வாறு வினை புரிகிறது என்பதை அறிய, காற்றின் தன்மையைச் சற்று ஆராய வேண்டும். வேகமாகச் செல்லும் சைக்கிள் வீரனுக்குப் பிரதான சத்துரு எதிரே வரும் காற்றுத்தான். முன்னால் செல்பவன் அதைத் தன் மார்பினால் பிளந்து வழி செய்ய, அவனை ஒட்டிக் காற்று மறைவில் வருகிறவன் மூன்றிலொரு பங்களவு வரை சிரமத்தை மிச்சப்படுத்திக்கொள்கிறான். ஆகவே ஒவ்வொரு கோஷ்டியிலும், தலைவனுக்காகக் காற்றைத் தாங்குவதும், தாகத்திற்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும், அவன் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருவதுமே தொழிலாகக் கொண்ட ஊழியர்கள் இருக்கின்றனர். அதே காரணத்தினால், சமபலம் உடைய இரண்டு தலைவர்கள் ஒன்றாகச் செல்ல நேர்ந்தால், முன்னே சென்று உழைத்தால் பின்னே வருபவன் இளைப்பாறிவிடுவான் என்ற அச்சத்தினால் இருவருமே தயங்குகின்றனர்; ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியவாறு அவர்கள் தயங்கும் அந்தச் சில விநாடிகளிலேதான் பந்தயம் கைமாறுகிறது. 1973-இல் பார்சிலோனாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், பெல்ஜியத்தின் சார்பில் ஒரே அணியில் சென்ற எடி மெர்க்ஸ், பிரெடி மார்டென்ஸ் ஆகிய இருவருக்குள்ளும் நேர்ந்த மனவேற்றுமையின் பலன், இத்தாலியரான பெலிச்சே ஜிமோண்டிக்குப் பட்டமாகக் கிடைத்தது. பெல்ஜியர் இருவரிடையே மூண்ட கசப்போ பல்லாண்டுகள் ஆறாமல் இருந்தது.

லெத் இந்த நாடகத்தைப் படம்பிடிக்க இருபதுக்கும் மேற்பட்ட ஒளிப்பதிவாளர்களைப் பாதை நெடுகிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அமர்த்தியதோடு, ஹெலிகாப்டரையும் பயன்படுத்தினார். ஆனாலும் படம் ஆரவாரமாகத் தொடங்குவதில்லை. ஒரு மெக்கானிக் அமைதியாகச் சைக்கிள் ஒன்றைத் துடைத்துச் சீர்செய்கிறார்; அந்தக் கைகளின் நிதானத்தில் ஒரு பூஜைக்குரிய சிரத்தை தெரிகிறது. வீரர்களின் உணவு, கால்களைப் பிடித்துவிடும் தைலக்காரர்கள், பந்தயம் புறப்படும் ஊராகிய ஷாந்தியியில் கூடும் கூட்டம், சாராயக்கடையில் உட்கார்ந்து செய்தி கேட்பவர்கள் ஆகிய யாவும் கிரமமாக வருகின்றன. வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு பாரிஸ் பத்திரிகையின் அச்சுத் தொழிலாளர் சாலையை மறித்துப் பந்தயத்தைத் தடுத்த சம்பவத்தையும் அவர் ஒதுக்கவில்லை. குன்னர் மோலர் பெடர்சன் அமைத்த சேர்ந்திசை, புழுதியில் மறைந்து தோன்றும் வீரர்களுக்குப் புராண புருஷர்களின் கம்பீரத்தை அளிக்கிறது.

முதற்பகுதியில் நால்வரைத்தான் நமக்கு விசேஷமாக அறிமுகப்படுத்துகிறார்கள். மும்முறை இதே பந்தயத்தில் வென்ற மெர்க்ஸ், தாமும் மும்முறை வென்று, நான்காவதை நாடிய ரோஜர் டி விளாமிங்க், இத்தாலியர் பிரான்செஸ்கோ மோசர், இளைஞர் மார்டென்ஸ். மார்டென்ஸ் வழியில் விழுந்து விலகிவிடுகிறார். மெர்க்ஸின் பொற்காலம் அஸ்தமிக்கும் வேளை அது. அவருக்கு ஆறாவது இடமே கிடைக்கிறது. ரூபே ஓட்டக் களத்திற்குள் முன்னணியில் நுழைந்தவர்களுள் டி விளாமிங்கும் மோசரும் இருக்கையில், பார்ப்பவர்களின் கண்கள் வேறு யாரை நாடும்? எனினும் கோட்டை முதலில் தாண்டியவர், மார்டென்ஸின் கோஷ்டியில் அவருக்கு ஊழியம் புரிந்துவந்த மார்க் டெமேயர். மோசர் இரண்டாமவர், டி விளாமிங்க் மூன்றாமவர், ஹாலந்துக்காரர் ஹென்னி கைப்பர் நான்காமவர். தலைவர் வீழ்ந்ததனால் கடமையினின்று விடுபட்ட ஒருவர், அன்று முதன்முறையாகத் தமக்காகவே ஓடினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதன் அருமை லெத்தின் முந்தைய படமொன்றை நினைத்தால் இன்னும் விளங்கும். 1973-இன் இத்தாலியப் பெரும்பந்தயத்தைப் பற்றி அவர் எடுத்த ‘நட்சத்திரங்களும் நீர் சுமப்போரும்’ என்னும் படத்தில், முதல் நாள் தொடங்கி இறுதி நாள் வரை முன்னணி மெர்க்ஸின் வசமே இருந்தது. நீர் சுமந்தவர்கள் கடைசிவரை நீர் சுமந்தார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் ரூபேயில் அந்த வரிசை குலைந்தபோது, லெத் தம் படத்தை அதற்கேற்பத் திருத்தி அமைக்க முற்படவில்லை. கதாசிரியராயின், டெமேயரை முதற்காட்சியிலேயே ஓரமாக நிறுத்தி, நம் மனத்தில் அவருக்கு ஓர் ஆசனம் தயாரித்து வைத்திருப்பார். லெத்தோ, அந்த நால்வரையே எதிர்பார்த்துக்கொண்டு சென்ற தம் அனுமானத்தை அப்படியே விட்டுவைத்தமையால், அன்று அக்களத்தில் நின்ற ஜனங்களுக்கு உண்டான திகைப்பு இன்று அப்படத்தைப் பார்க்கும் நமக்கும் குறையாமல் உண்டாகிறது. மறு ஆண்டு டி விளாமிங்க் தம் நான்காவது வெற்றியைப் பெற்றார். 1978 முதல் 1980 வரை மோசர் தொடர்ந்து மும்முறை வென்றார். 1982-இல் தம் முப்பத்தோராம் வயதில் காலமான டெமேயருக்கு இப்பந்தயத்தில் வாய்த்தது அந்த ஒரே ஞாயிறு.